மூன்றாம் தீவில் ஏறாத பயணி

என்றும் என் மதிப்புக்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் தங்கையைக் கைப்பிடித்தவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே வீடும் வாசலும் சுவர்க்கடிகாரமும் நலம். அங்கே நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் நலமாகத்தான் இருப்பீர்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை, ஏனென்றால் சமைக்கிறவள் அங்கே இருக்கிறாள். இந்தக் கடிதம் கைக்கு வரும் நேரத்தில் உங்கள் தங்கை பக்கத்தில் இருந்தால், தயவுசெய்து கண்ணாடியைத் தேடுவதுபோல மாடிக்குப் போய்த் தனியாகப் படிக்கவும்.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். என் கைபேசி இரண்டாம் தீவுக்கும் மூன்றாம் தீவுக்கும் நடுவில் கடலில் இறங்கிவிட்டது. அங்கே நிறுத்தம் கிடையாது, இருந்தும் இறங்கிவிட்டது. மகள் சின்னவளின் கைபேசியிலிருந்து உங்கள் தங்கையை அழைத்தால், "சாப்பிட்டேன், நல்லா இருக்கேன், வச்சிடறேன்" என்ற மூன்று வாக்கியத்துக்கு மேல் தேறுவதில்லை. அவள் அங்கே வந்து இன்றோடு பதினைந்து நாள் ஆகிறது. நடந்ததை அவள் உங்களிடம் எப்படிச் சொன்னாளோ, எவ்வளவு சொன்னாளோ தெரியாது. நீங்கள் நீதிமன்றத்தில் முப்பது வருடம் பெஞ்சு கிளார்க்காக இருந்தவர், இரண்டு பக்கத்தையும் கேட்காமல் எந்த வழக்குக் கட்டையும் மூடாதவர். அந்த நம்பிக்கையில் என் பக்கத்தை எழுதுகிறேன். குற்றம் என்னுடையதுதான், மறுக்கவில்லை. ஆனால் அது எப்படி நடந்தது என்று தெரிந்தால் உங்களுக்கே என்மேல் கொஞ்சம் இரக்கம் வரும்.

நான் ஓய்வு பெற்றதற்காக மருமகள் ஏற்பாடு செய்த பயணம் அது. மூன்று நாள். முதல் நாள் பேருந்தில் போய்ப் படகுத்துறைக்கு எதிரே ஒரு விடுதியில் தங்குவது, இரண்டாம் நாள் முழுக்கப் படகில் நான்கு தீவுகளைச் சுற்றுவது, மூன்றாம் நாள் திரும்புவது. நானும் உங்கள் தங்கையும், பெரியவனும் மருமகளும், கல்லூரியில் படிக்கிற சின்னவளும், மருமகளைப் பெற்ற சம்பந்தியும் சம்பந்தியம்மாவும், ஆக ஏழு பேர். இந்த ஏழு என்ற எண்ணை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும், வழக்கே அதில்தான் இருக்கிறது. படகுத்துறையில் கொடுத்த சீட்டிலும் 'ஏழு பேர்' என்றுதான் எழுதியிருந்தார்கள். அந்தச் சீட்டை யார் வைத்துக்கொள்வது என்ற பேச்சு வருவதற்கு முன்பே அது என் சட்டைப் பையில் இருந்தது. முப்பத்துநான்கு வருடம் கண்டக்டர் வேலை பார்த்தவன் நான், காகிதம் என்று ஒன்று நீண்டால் என் கை தானாகப் போய்விடும்.

விசிலும் அப்படித்தான். பிரிவுபசாரத்தன்று டிக்கெட் மெஷினை ஒப்படைத்தேன், தோல் பையை ஒப்படைத்தேன், விசிலை யாரும் கேட்கவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை. வீட்டில் அது எனக்குப் புழக்கத்தில் இருந்த பொருள்தான். கல்யாணத்துக்குப் புறப்படும்போது ரெட்டை விசில் அடித்தால் எல்லாரும் வாசலுக்கு வருவார்கள். காலையில் ஒற்றை விசில் அடித்தால் தேநீர் வரும். சமையலறையில் குக்கர் விசில், கூடத்தில் என் விசில், இரண்டுக்கும் எழுந்து போகிறவள் உங்கள் தங்கை ஒருத்திதான். இதை எழுதும்போதுதான் இது எனக்கே உறைக்கிறது.

படகோட்டிக்கு அங்கே எல்லாரும் கொக்கு என்று பெயர் வைத்திருந்தார்கள். ஒரு காலைச் சுக்கான்மேல் வைத்துக்கொண்டு மற்றொரு காலில் நாள் முழுக்க நிற்பவர். இன்ஜின் போடுகிற சத்தத்தில் முன்னால் பேசுவது பின்னால் அவருக்குக் கேட்காது. என் கழுத்தில் விசில் தொங்குவதைப் பார்த்தவர், "அய்யா, நல்லதாப் போச்சு. எல்லாரும் ஏறினதும் நீங்க ஒரு குரல் குடுங்க, நான் எடுத்துடுறேன்" என்றார். மச்சான், ஓய்வு பெற்று ஐந்து மாதம் ஆகிறது, அதுவரை ஒருவரும் என்னிடம் ஒரு வேலையும் சொல்லவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அங்கே ஆரம்பித்தது வினை.

ஓடுகிற வண்டியில் எனக்கு உட்காரத் தெரியாது, அது உங்களுக்கே தெரியும், உங்கள் மகள் கல்யாணத்துக்குப் போன வேனில்கூட நின்றுகொண்டேதான் வந்தேன். படகிலும் நின்றேன். நின்றவனுக்கு வாய் சும்மா இருக்குமா? பெரியவன் காலைத் தண்ணீரில் தொங்கவிட்டதைப் பார்த்ததும் "படியில நிக்காத, உள்ள ஏறு" என்று சத்தம் போட்டேன். பின்னால் நெரிசலாக இருந்ததால் "முன்னாடி போங்க, முன்னாடி இடம் இருக்கு பாருங்க, இன்னும் ரெண்டடி முன்னாடி" என்றேன். வீட்டு மனிதர்கள் என் பேச்சைக் கேட்பது அபூர்வம். அன்றைக்கென்று எல்லாரும் கேட்டு எழுந்து முன்னால் போனார்கள், படகின் மூக்கு தண்ணீருக்குள் இறங்கியது, சம்பந்தியின் மடியில் ஒரு அலை ஏறி உட்கார்ந்தது. கொக்கு இரண்டு காலையும் கீழே ஊன்றிக்கொண்டு, "அய்யா, இது பஸ் இல்ல, மூக்கு குத்திடும், எல்லாரையும் பழையபடி உட்காரச் சொல்லுங்க" என்றார். அன்று அவர் இரண்டு காலில் நின்றது அந்த ஒரு தடவைதான். சம்பந்திக்கு அப்போது புரட்ட ஆரம்பித்த வயிறு சாயங்காலம் வரை நிற்கவில்லை. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிற மனிதர், விடுமுறையில் படிக்க வேண்டும் என்று ஆறு மாதமாகப் பிரிக்காமல் வைத்திருந்த ஒரு துப்பறியும் நாவலைக் கொண்டுவந்திருந்தார், அதைத் தலை நிமிர்ந்து பார்க்கக்கூட அவரால் முடியவில்லை. சம்பந்தியம்மா தண்ணீரைக் கண்டால் பயம் என்று படகில் ஏறும்போது மூடிய கண்ணைத் திறக்கவே இல்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை "வந்துடுச்சா?" என்பார். கரையில் இறங்கினாலும் மருமகள் கையைப் பிடித்துக்கொண்டு மூடிய கண்ணோடுதான் உட்காருவார்.

முதல் தீவு வெறும் மணல். நான் ஒவ்வொரு தீவுக்கும் இருபது நிமிடம் ஒதுக்கியிருந்தேன். உங்கள் தங்கை செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் காலை வைத்தாள், நான் விசில் அடித்தேன். எல்லாரும் ஏறினார்கள். தலை எண்ணினேன், ஆறு. சீட்டில் ஏழு. மறுபடி எண்ணினேன், ஆறுதான். "ஒரு ஆள் குறையுது, யாரும் அசையாதீங்க" என்று கத்தினேன். பெரியவன் குதித்து இறங்கித் தீவை முழுதாக ஒரு சுற்று ஓடிவந்தான். யாரைத் தேடுகிறோம் என்று மருமகள் கேட்டாள், அது எனக்கும் தெரியவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம், எல்லாரும் இருந்தோம், ஆனாலும் ஒரு ஆள் இல்லை. கால் மணி நேரம் கழித்துச் சின்னவள்தான், "அப்பா, நீங்க டிக்கெட்டா, கண்டக்டரா?" என்று கேட்டாள். அப்போதுதான் விளங்கியது. முப்பத்துநான்கு வருடத்தில் நான் ஒரு நாளும் என்னை எண்ணியதில்லை. கண்டக்டர் கணக்கில் வரமாட்டார், அதுதான் நடைமுறை.

இரண்டாம் தீவில் தென்னைக்கு நடுவே ஒரு கயிற்று ஊஞ்சல் இருந்தது. உங்கள் தங்கை அதில் ஏறி உட்கார்ந்து ஒரு தடவை முன்னால் போய்ப் பின்னால் வருவதற்குள் நேரம் முடிந்துவிட்டது, விசில் அடித்தேன். இந்தத் தடவை உஷாராக, முதலிலேயே என் நெஞ்சில் கையை வைத்து "ஒண்ணு" என்று ஆரம்பித்தேன். ஏழு வந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். உங்கள் தங்கை தட்டவில்லை. மூன்றாம் தீவு கண்ணில் பட்டதும், "என்னங்க, இங்கயாவது கொஞ்ச நேரம் உட்காரலாமா?" என்று கேட்டாள். "பதினஞ்சு நிமிஷம்தான், ஏற்கெனவே லேட்டு" என்றேன். "எதுக்கு லேட்டு?" என்றாள். லேட் என்றால் லேட்தான் என்று சொல்லிவிட்டேன். அவள் சாப்பாட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்கி, பெரிய பாறைக்கு அந்தப் பக்கம் போனாள். ரொட்டி, அவித்த முட்டை, வாழைப்பழம், ஏழு பேருக்கும் மத்தியானச் சாப்பாடு அந்தக் கூடையில்தான். படிக்க முடியாது என்று சம்பந்தி வெறுத்துப்போய்ப் போட்ட நாவலும் அதில்தான் இருந்தது.

பத்து நிமிடம்கூட ஆகவில்லை, கொக்கு வானத்தைக் காட்டி, "மேகம் கட்டுது அய்யா, சீக்கிரம் ஏறச் சொல்லுங்க" என்றார். விசில் அடித்து எல்லாரையும் அவசரமாக ஏற்றினேன். நெஞ்சில் கை வைத்து நான் ஒன்று. கைபேசியில் மூழ்கியிருந்த பெரியவன் இரண்டு. லைஃப் ஜாக்கெட்டின் கொக்கியோடு மல்லுக்கட்டிய மருமகள் மூன்று. முன்னால் உட்கார்ந்து தலைமுடியைப் பிழிந்துகொண்டிருந்த சின்னவள் நான்கு. பைக்குள் முகத்தை வைத்திருந்த சம்பந்தி ஐந்து. கண்ணை மூடியிருந்த சம்பந்தியம்மா ஆறு. அடுத்த தலைக்காக விரலை நீட்டிக்கொண்டு நான் தேடுகிற அந்த நொடியில், சின்னவள் திரும்பிப் பார்க்காமலே, "அப்பா, உங்களை எண்ணிக்கிட்டீங்களா? மறுபடியும் அண்ணனை ஓட விடாதீங்க" என்றாள். அட ஆமாம் என்று நெஞ்சில் கையை வைத்து "ஏழு" என்றேன். சீட்டைப் பார்த்தேன், ஏழு. கணக்கு டாணென்று நின்றது. போலாம் ரைட் என்று ரெட்டை விசில் கொடுத்தேன். படகு கிளம்பிவிட்டது.

மருமகள் பள்ளியில் கணக்கு டீச்சர். "மாமா, தொடக்கத்துலயும் உங்களை எண்ணி, கடைசியிலயும் உங்களை எண்ணினா, இடையில ஒருத்தர் குறைஞ்சாலும் சரியாத்தான் வரும்" என்று பிறகு மணலில் குச்சியால் எழுதிக் காட்டினாள். நன்றாகப் புரிந்தது. புரிந்தபோது நாங்கள் நான்காம் தீவில் இருந்தோம்.

அதற்கு முந்தைய முப்பது நிமிடத்தைச் சொல்ல வேண்டும், அதுதான் எனக்கு அவமானம். நான் முன்னால் நின்று கடலைப் பார்த்தபடி வந்தேன். உங்கள் தங்கை எனக்குப் பின்னால் இருந்த பலகையில் பைகளுக்குப் பக்கத்தில் கோபமாக இருக்கிறாள் என்பது என் எண்ணம். அவள் துண்டு அங்கே பைமேல் கிடந்தது, ஓரக்கண்ணுக்கு அது போதும். திரும்பாமலே சமாதானம் பேசினேன். "சரி விடு, நாலாவது தீவுல அரை மணி நேரம் தரேன்" என்றேன். பதில் இல்லை. பதில் வராதது எங்கள் குடும்பத்தில் புதிதல்ல. "சரி, முக்கால் மணி நேரம்" என்றேன். "ம்" என்று வந்தது. இளகுகிறாள் என்று ஒரு மணி நேரத்துக்கு ஏறினேன், அதற்கும் ஒரு "ம்". உற்சாகத்தில், இரண்டாம் தீவு ஊஞ்சலில் அவளை ஆட விடாதது தப்பு என்று ஒப்புக்கொண்டேன். முப்பத்தோரு வருடத்தில் நான் கேட்ட முதல் மன்னிப்பு மச்சான் அது. அந்த "ம்" எல்லாம், யார் என்ன சொன்னாலும் பயத்தில் முனகிக்கொண்டிருந்த சம்பந்தியம்மாவுடையது. பிறகு அவரே, "நீங்க இவ்வளவு நல்லவரா பேசுவீங்கன்னு நான் நினைக்கலை" என்றார்.

நான்காம் தீவில் நான் முதலில் இறங்கி, ஒவ்வொருவராகக் கை கொடுத்து இறக்கினேன். பெரியவன், மருமகள், சின்னவள், சம்பந்தி, சம்பந்தியம்மா. அடுத்த ஆளுக்காகக் கையை நீட்டிக்கொண்டே நின்றேன். கையில் ஒன்றும் வந்து விழவில்லை. பெரியவன்தான் கேட்டான், "அப்பா, அம்மா எங்க?" பைமேல் கிடந்த துண்டை எடுத்துப் பார்த்தேன், ஒரு மனுஷி அதற்குக் கீழே இருக்க முடியாது என்று தெரிந்தும் எடுத்துப் பார்த்தேன். சின்னவள் அவசரமாக அம்மாவுக்குப் போன் போட்டாள். அதே பைக்குள்ளிருந்து மணி அடித்தது.

உடனே திரும்பலாம் என்றால், கொக்கு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு படகின் அடியைப் பார்த்தார். தண்ணீர் வற்றிப் படகு மணலில் உட்கார்ந்துவிட்டது. தண்ணீர் மறுபடி ஏற இரண்டு மணி நேரமாவது ஆகுமாம். ஏழு பேரும் தள்ளிப் பார்த்தோம், கொக்கையும் சேர்த்து ஏழு, அந்தக் கணக்கு வேறு என்னைப் பார்த்துச் சிரித்தது. படகு அசையவில்லை. எனக்கு நீச்சல் தெரியாது, ஆனாலும் முழங்கால் வரை இறங்கிவிட்டேன், பெரியவன்தான் சட்டையைப் பிடித்து இழுத்தான். "அந்தத் தீவுல ஒண்ணுமே இல்லைங்க, பயப்படாதீங்க" என்றார் சம்பந்தி. ஒன்றுமே இல்லாத இடத்தில் அவளைத் தனியாக விட்டுவிட்டேனே என்பதுதான் என் பயம். அந்த இரண்டு மணி நேரமும் கரையில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்திருந்தேன். எத்தனையோ குழந்தைகளை, கிழவர்களை, தூங்கிப்போனவர்களை அவரவர் நிறுத்தத்தில் பத்திரமாக இறக்கிவிட்டிருக்கிறேன். தவறவிட்டது ஒரே ஒருத்தியை, அதுவும் இவளை. மறைக்க விரும்பவில்லை மச்சான், அழுதேன். சின்னவள் பார்த்துவிட்டு, பார்க்காததுபோல் போய்விட்டாள்.

தண்ணீர் ஏறியதும் புறப்பட்டோம். வழி முழுக்க விசில் அடித்துக்கொண்டே போனேன், எங்கிருந்தாவது கேட்டு தைரியமாக இருக்கட்டும் என்று. தீவு நெருங்கியது. பாறையின் இந்தப் பக்கம் தண்ணீரில் இரண்டு காலையும் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முடியை அவிழ்த்துவிட்டிருந்தாள். கண் சிவந்திருந்தது, எவ்வளவு அழுதாளோ. மடியில் நாவல் கடைசிப் பக்கத்தில் இருந்தது. நான் இடுப்பளவு தண்ணீரில் குதித்து ஓடினேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்துச் சொன்ன ஒரே வார்த்தை இதுதான்:

"அதுக்குள்ள வந்துட்டீங்களா?"

நீங்கள் நீதிமன்றத்தில் எத்தனையோ குத்தல் பேச்சைக் கேட்டிருப்பீர்கள், இதைவிட ஆழமாகக் குத்துகிற ஒன்றைக் கேட்டிருக்க மாட்டீர்கள். மூன்று மணி நேரம் தனியாகத் தவித்தவள் கேட்கிற கேள்வியா அது. கோபம் அதோடு நிற்கவில்லை. பாவம், ஆறு மாதம் காத்திருந்த சம்பந்தியைப் பார்த்து, "வக்கீல் மேல சந்தேகம் வரும், நம்பாதீங்க, கொன்னது அவரோட டிரைவர்தான்" என்று சொல்லிவிட்டாள். சம்பந்தி அப்படியே பலகையில் சாய்ந்துவிட்டார். கூடையில் நான்கு முட்டையும் ஆறு பழமும் காலி, அதுவும் ஆத்திரத்தில் சாப்பிட்டதாகத்தான் இருக்கும். திரும்பும் வழியில் பல்லைக் கடித்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். பாட்டு மாதிரி கேட்டது என்று சின்னவள் சொன்னாள், அவள் சிறு பெண், அவளுக்கு என்ன தெரியும்.

மறுநாள் பேருந்து நிலையத்தில் இறங்கியதும், "நான் நாலு நாள் அண்ணன் வீட்ல இருந்துட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு எதிரே நின்ற பேருந்தில் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்துகொண்டாள். அந்த வண்டியின் கண்டக்டர் நேற்று முளைத்தவன், தலைகூடச் சரியாக எண்ணாமல் ரெட்டை விசில் அடித்தான், வண்டி போய்விட்டது. இன்னொருவன் அடித்த ரெட்டை விசிலுக்கு நான் கீழே நின்றது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. கீழே நிற்பது நன்றாக இல்லை மச்சான்.

வீட்டு நிலவரத்தையும் எழுதிவிடுகிறேன். நான்கு விசில் விட்டு இறக்க வேண்டும் என்று சின்னவள் சொல்லிவிட்டுக் கல்லூரிக்குப் போன அன்று, குக்கர் இரண்டு விசில் அடித்ததும் நான் பாட்டுக்குப் புறப்பட்டுத் தெருமுனை வரை போய்விட்டேன். குக்கரின் அடி இன்னும் கறுப்பாகத்தான் இருக்கிறது. காலையில் பழக்க தோஷத்தில் ஒற்றை விசில் அடிக்கிறேன், எதிர்வீட்டு நாய் வருகிறது. தேநீர் வருவதில்லை.

ஆகவே உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது என்னவென்றால், அவளுக்கு நீங்கள் எடுத்துச் சொல்ல வேண்டும். இது வேண்டுமென்று செய்ததல்ல, எண்ணிக்கையில் வந்த பிழை. இனிமேல் வீட்டுக்குள் விசில் அடிக்கமாட்டேன். தேநீரை நானே போட்டுக்கொள்வேன், முடிந்தால் அவளுக்கும் ஒன்று. கடல் என்ற சொல்லையே அவள் முன்னால் எடுக்கமாட்டேன், குளிக்கிற தொட்டியைக்கூடக் காட்டமாட்டேன், இந்த ஜென்மத்துக்கு அவளைப் படகில் ஏற்றமாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். எப்படியாவது பேசி அனுப்பிவையுங்கள். அவள் இல்லாமல் இந்த வீட்டில் யாரை எண்ணுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசி, நன்றாகப் படித்து, உட்கார்ந்து பார்க்கிற வேலைக்குப் போகச் சொல்லுங்கள். உங்கள் முழங்கால் வலி இந்தக் கடிதம் வருவதற்குள் குறைந்திருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் பதிலுக்காக வாசலிலேயே நிற்கும்
மைத்துனன்

பின்குறிப்பு: மேலே எழுதியதில் நலம் விசாரித்ததையும் உங்கள் முழங்காலையும் தவிர மற்ற எல்லாவற்றையும் அடித்துவிடவும். உறையை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது சின்னவள் கடிதத்தை எடுத்துப் படித்துவிட்டாள். படித்துவிட்டுச் சிரித்தாள், தரையில் உட்கார்ந்து சிரித்தாள், பிறகு அம்மாவுக்குப் போன் போட்டுச் சத்தமாக வைத்து, "அம்மா, விசில் உனக்குக் கேட்டுச்சா இல்லையா, அப்பாகிட்ட நீயே சொல்லு" என்றாள்.

அப்புறம் உங்கள் தங்கை, "கேட்டுச்சு" என்றாள். "ரெண்டும் கேட்டுச்சு. பாறைக்குப் பின்னாடிதான் இருந்தேன். எட்டிப் பார்த்தா படகுல எல்லாரையும் எண்ணிக்கிட்டு இருந்தீங்க."

"அப்புறம் ஏன் வரலை?" என்றேன்.

"எழுந்திருக்கத் தோணலை. முப்பத்தோரு வருஷமா விசில் கேட்டா எழுந்துக்கறேன். அன்னைக்கு ஒரு நாள் உட்கார்ந்திருந்தேன். தண்ணி கால்ல பட்டுக்கிட்டே இருந்துச்சு, கதையும் நல்ல இடத்துல இருந்துச்சு. எப்படியும் வந்துடுவீங்கன்னு தெரியும், வராம எங்க போகப் போறீங்க?"

கண் சிவந்திருந்தது ஏன் என்று கேட்டேன். பொடி எழுத்தாம், மூன்று மணி நேரம் விடாமல் படித்தாளாம். முணுமுணுத்தது பாட்டுத்தானாம். நான்கு நாள் என்று சொல்லிப் போய்ப் பதினைந்து நாள் ஏன் தங்கினாய் என்று கேட்டதற்குத்தான் பின்னாலிருந்து அக்காவும் நீங்களும் சிரிக்கிற சத்தம் கேட்டது. அடுத்த மாதத்துக்குக் கொக்கின் படகைப் பேசிவிட்டீர்களாமே. அதே மூன்றாம் தீவு, வேறு தீவு எதுவும் கிடையாது, காலையில் போய்ச் சாயங்காலம் வரை இருப்பதாமே. பெஞ்சு கிளார்க்கே எதிர்க்கட்சியோடு சேர்ந்துகொண்டால் என்னைப் போன்றவன் எங்கே போய் முறையிடுவது?

"நான்?" என்று கேட்டேன். மறுபடி கேட்டேன், "நான் வரலாமா?"

அவள் சொன்னாள்: "வாங்க. ஆனா விசில் என்கிட்ட இருக்கணும். நீங்க இந்தத் தடவை டிக்கெட்டு."

நாளைக் காலை முதல் வண்டியில் வருகிறாளாம். ஆகவே இந்தக் கடிதத்தை அனுப்பவே தேவையில்லை. ஆனால் தபால்தலை ஒட்டியாகிவிட்டது, அதனால் அனுப்புகிறேன். படகுத்துறைச் சீட்டில் எத்தனை பேர் என்று நீங்கள் எழுதும்போது தயவுசெய்து என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள் மச்சான். ஒரு தடவை மட்டும்.